கணி விட்டுப்போன கொன்றை

யார் வீட்டுக்குப் போனாலும் பெரியம்மா முதலில் வாசலைப் பார்க்க மாட்டார், அண்ணாந்து பார்ப்பார். வீட்டுக்கு மேலே என்ன மரம் நிற்கிறது, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். வீட்டுக்காரர்கள் "வாங்க, வாங்க" என்று சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அவர் பதிலுக்கு, "இது விழுந்தா எந்தப் பக்கம் விழும்?" என்பார். புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போன இடத்திலும் இதைத்தான் கேட்டார். பால் பொங்குவதற்குள் அந்த வீட்டுப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

குமுளியிலிருந்து கம்பம்மெட்டு போகிற வழியில், ரோட்டை விட்டுச் சரிவில் இறங்கினால் முதலில் அவர் வீடு. மண்ணில் வெட்டிய படிகளில் இன்னும் கொஞ்சம் இறங்கினால் எங்கள் வீடு. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் திருப்பூரில். நான் பெரியம்மா என்று கூப்பிட்டதால் என் வீட்டுக்காரருக்கு அவர் அத்தையானார். என் வீட்டுக்காரருக்குச் சுற்றுலா ஜீப் ஓட்டுகிற வேலை. பின்பக்கத்து இரண்டு அறைகளையும் வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அதனால் நாங்களும் மகளும் புழங்குவதெல்லாம் வாசலை ஒட்டிய முன்ரூமில்தான். இந்த முன்ரூம்தான் பெரியம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தது.

ஒரு கல்யாணத்துக்கு அவரோடு கம்பம் போயிருந்தேன். மலைப்பாதை பஸ்ஸில் முதலில் பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்தார். பள்ளத்தைப் பார்த்துப் பயந்து பாறைப் பக்கம் மாறினார். பாறை உருளுமே என்று தோன்றியதும் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றபடியே கீழே வந்து சேர்ந்தார். அங்கே பந்தலுக்குப் பின்னால் ஒரு தென்னை. தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். பக்கத்தில் இருந்தவளைத் தள்ளி உட்காரச் சொன்னார். கடைசியில் ஒரு வரிசையையே எழுப்பிவிட்டார். பெண் வீட்டார் ஏதோ மரியாதைக் குறைவு நடந்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்து கையைப் பிடித்துக் கெஞ்சினார்கள். "மரியாதைக்கு என்ன கொறச்சல்? தேங்கா விழுந்தா மண்ட தாங்குமா?" என்றார் பெரியம்மா. எனக்கு மானம் போனது. ஆனால் பந்தி முடியும் வரை அந்தத் தென்னையைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். குருத்துக்குக் கீழே குலை குலையாகக் காய்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். அவர் கல்யாணமாகி வந்த புதிதில் எஸ்டேட் லயத்தில் இருந்தாராம். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். ஒரு மழை நாளில் பாயில் படுத்திருந்தவர், உலைப்பானையைக் கழுவாமல் விட்டது ஞாபகம் வந்து வெளியே போயிருக்கிறார். பானையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்ற கிராண்டிஸ் என்கிற தைல மரம் தகரத்தைப் பிளந்துகொண்டு, சரியாக அந்தப் பாயின் மேல் விழுந்திருக்கிறது.

"எல்லாரும் வந்து பாத்துட்டு, அதிர்ஷ்டக்காரின்னாங்க. மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி சூடம் ஏத்துனாங்க" என்றார்.

"நல்லதுதான பெரிம்மா?"

"பான சுத்தமா இருந்திருந்தா என்னத்தா ஆயிருக்கும்?"

ஒரு அழுக்குப் பானையால் கிடைத்த உயிரை அவர் அதற்குப் பிறகு யாருடைய பொறுப்பிலும் விட்டு வைக்கவில்லை. சாமி பொறுப்பில்கூட இல்லை.

மழைக்காலம் தொடங்கினால் எனக்குப் போன் வரும். ஹலோ கிடையாது, சாப்பிட்டியா கிடையாது. "பிள்ள எந்த ரூம்ல இருக்கு?"

"முன்ரூம்லதான் பெரிம்மா, தூங்குறா."

"அடுப்படிக்குக் கொண்டு போயிரு. காத்து மேக்க இருந்து வருது."

அப்போது எங்கள் வாசலில் ஒரு பலா நின்றது. அவர் சொல்லிச் சொல்லியே அதை வெட்டினோம். வெட்டிய பிறகு வாசல் மொட்டையாகிவிட்டது. வருகிற விருந்தாளிகள் நின்று போட்டோ எடுக்க ஒரு பூ மரமாவது வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தார். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சிவப்பாகப் பூத்து நிற்கிற குல்மோகர்தான் அவர் மனதில் இருந்தது. பெரியம்மா கேட்ட மாத்திரத்தில் தலையை ஆட்டிவிட்டார். "அது வேரு மேலாக்க ஓடும். கொம்பு அப்பளம் மாதிரி நொறுங்கும். வேண்டவே வேண்டாம்." பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எங்கள் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மரத்துக்குச் சம்மதம் கொடுத்தார்.

"கொன்ன வையி. நிதானமா வளரும், ரொம்ப ஓங்காது. விஷுவுக்குப் பூ வெளிய தேட வேணாம். விழுந்தாலும் ரெண்டு ஓடுதான் ஒடையும்."

நர்சரிக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். கொன்றைக் கன்று இருக்கிறதா என்று தமிழும் மலையாளமும் கலந்து கேட்டேன். "கொன்னயல்லே, சேச்சி? உண்டல்லோ. வேகம் வளரும்" என்று நர்சரிக்காரர் ஒரு கன்றை எடுத்துத் தந்தார். வேகம் வளரும் என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் விழுந்தது. எங்களுக்குக் கொன்றை என்றால் சரக்கொன்றை ஒன்றுதான். மலையாளத்தில் கொன்ன என்றால் பல. சித்திரைப் பிறப்பான விஷுவன்று விடியலில் கண்விழித்துப் பார்க்கிற கணிக்கு வைக்கிற பூ வேண்டுமானால், கணிக்கொன்ன என்று முழுசாகக் கேட்க வேண்டும். நாங்கள் கணியை விட்டுவிட்டோம். அவர் கொடுத்தது மஞ்சக்கொன்ன. அவர் மேல் தப்பே இல்லை. கேட்டதைத்தான் கொடுத்தார்.

வாசலில், படிகள் வந்து சேரும் இடத்தில், முன்ரூமுக்குச் சற்று மேலாக அதை நட்டோம். தண்ணீர் ஊற்றக்கூட மறந்திருக்கிறேன், அது வளர்ந்தது. முதல் மழைக்கு என் தோள், அடுத்த மழைக்கு ஓடு, அதற்கடுத்து வீட்டைத் தாண்டிவிட்டது. எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெரியம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை. அது கொன்னை. அவர் சொல்லி வைத்த மரம். உலகத்து மரங்களையெல்லாம் முறைத்துப் பார்த்தவர், இந்த ஒன்றின் அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்தார். மகள் அவர் காலடியில் மண் அளைந்துகொண்டிருப்பாள். அந்த மூன்று வருடங்களில் காற்றடித்தால் வருகிற போனும் குறைந்தது. பயமில்லாத பெரியம்மாவை நான் பார்த்தது அந்தக் காலத்தில்தான். நன்றாக இருந்தார். கொஞ்சம் சதைகூடப் போட்டார்.

மழை ஓய்ந்து வெயில் வந்த ஒரு காலையில் மரம் பூத்திருந்தது. விஷுவுக்கு இன்னும் பாதி வருடம் இருந்தது. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். என் வீட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன். பெரியம்மா படிகளில் இறங்கி வந்தார். பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"ஏத்தா, கொன்ன தொங்கும்ல?"

"என்ன பெரிம்மா?"

"கொன்னப் பூ சரம் சரமா கீழ தொங்கும். இது நெட்டுக்குத்தா நிக்குதே."

அப்போதுதான் நானும் பார்த்தேன். பூக்கொத்துகள் எல்லாம் கிளை நுனியில் மேலே பார்த்து நின்றன. அவர் கிட்டே வந்து ஒரு இலையைப் பறித்தார். கொன்றைக்கு உள்ளங்கை நீளத்துக்கு அகலமான இலை, ஒரு காம்பில் சில ஜோடிதான் இருக்கும். இதற்குச் சின்னச் சின்ன இலையாக, புளிய இலைக்கு அண்ணன் மாதிரி, ஒரு காம்பில் அடுக்கிக்கொண்டு போனது. மூன்று வருடம் அதன் கீழ் உட்கார்ந்தவர் இலையைப் பார்த்தது அன்றைக்குத்தான். நிமிர்ந்து மரத்தின் உச்சியைப் பார்த்தார், பிறகு முன்ரூம் ஓட்டைப் பார்த்தார், மறுபடியும் உச்சியைப் பார்த்தார். பூண்டு நாற்றம் அடித்த அவர் கை என் தோளைத் தேடிப் பிடித்தது.

"இது யாருத்தா?" என்றார்.

மரத்தைத்தான் யார் என்று கேட்டார்.

அன்றிலிருந்து பழைய பயம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. முன்பாவது காற்றடித்தால்தான் போன் வரும். இப்போது காற்று இல்லாவிட்டாலும் வந்தது. நான் கிருஷி பவனுக்குப் போய், அதாவது விவசாய ஆபீசுக்கு, ஒரு இலையையும் பூவையும் காட்டினேன். அங்கிருந்தவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். இது மஞ்சக்கொன்ன, கணிக்கொன்னைக்கு நேரெதிர் குணம். அது வெயிலில் பொறுமையாக வளரும், பூக்க வருடங்கள் எடுக்கும், காய் நீளமாகக் கருப்பாகத் தொங்கும், இருக்கிற இடத்தில் இருக்கும். இது ஒரே மூச்சில் வளரும், விதை விழுந்த இடமெல்லாம் முளைக்கும். வெட்டினால் சாகாது, வெட்டிய இடத்திலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். அடிமரத்தில் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டு, நின்றபடியே காய விட வேண்டும். முழுசாகக் காய்ந்த பிறகு வெட்டலாம்.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன்.

"செத்த மரத்த வாசல்ல நிக்க வச்சுக்கிட்டு எப்பிடித்தா தூங்குறது?"

வெட்டினால் ஒன்று பத்தாகும். உரித்தால் காய்ந்து எப்போது விழும் என்று காத்திருக்க வேண்டும். வேரோடு தோண்டலாம் என்றால் சரிவு மண், படியும் சேர்ந்து சரியும். எதுவும் செய்யாமல் விட்டால் அது பாட்டுக்கு வளரும். ஒவ்வொரு நாளும் இந்த நான்கையும் மாற்றி மாற்றிச் சொன்னார். காலையில் உரிக்கலாம் என்பார், சாயங்காலம் வேண்டாம் என்பார். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. சோறு வடிக்கும்போது ஜன்னல் வழியே இலை அசைகிறதா என்று பார்ப்பேன். மகளைக் குளிப்பாட்டும்போது காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

என் வீட்டுக்காரருக்கு அந்த மரத்தின் மேல் கொள்ளை ஆசை. வருகிறவர்கள் எல்லாம் அதன் கீழ் நின்றுதான் போட்டோ எடுத்தார்கள். ஒருநாள் பெரியம்மா காப்பி குடித்துக்கொண்டே மறுபடியும் ஆரம்பித்தபோது சட்டென்று சொல்லிவிட்டார். "அத்த, ஒங்க பயத்த ஒங்க வீட்டோட வச்சுக்கங்க. இவளுக்கும் ஏத்தி விடாதீங்க. ராத்திரியெல்லாம் மெரண்டு மெரண்டு எந்திரிக்கிறா. இனிமே போன் பண்ணிப் பயங்காட்டாதீங்க."

"சரிப்பா" என்றார் பெரியம்மா. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

அது ஆனி ஆடி மழை. பள்ளிக்கூடங்களுக்குக் கலெக்டர் லீவு விட்டிருந்தார். என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு தேவிகுளம் பக்கம் போயிருந்தார். மத்தியானம் காற்று ஏறியது. மகள் முன்ரூமில் தரையில் படுத்து, சுவரில் கால்களை ஏற்றி வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனைப் பார்த்தேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால் எரிச்சல்பட்டிருப்பேன், அடிக்காததுதான் பொறுக்க முடியவில்லை. அந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும்போல் இருந்தது. போய் மகளைத் தூக்கினேன். அவள் உதைத்துக்கொண்டு அழுதாள். அடுப்படியில் கொண்டுபோய் உட்கார வைத்து, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தேன்.

முதலில் ஒரு இழுவைச் சத்தம். ஈரத்துணி கிழிவது போல நிதானமாக. பிறகு தரை அதிர்ந்தது.

கதவைத் திறந்தேன். மரம் வீட்டின் மேல் விழவில்லை. ஒரு ஓடுகூட உடையவில்லை. வேர் மண்ணோடு பெயர்ந்து, குறுக்காக, பெரியம்மா வீட்டுக்குப் போகும் படிகளின் மேல் படுத்திருந்தது. முன்ரூமிலேயே இருந்திருந்தால்கூட மகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இலைகளுக்கு அந்தப் பக்கம் ஒரு கருப்புக் குடை தெரிந்தது. காற்றில் மேல்பக்கமாகத் திரும்பிப்போன குடை. அதைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா படியில் நின்றார். முந்தானையெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. முகத்தில் இலை ஒட்டியிருந்தது. போன் பண்ணாதீர்கள் என்று சொல்லியிருந்தோம், அதனால் கேட்பதற்கு நேரில் வந்திருக்கிறார். இன்னும் ஒரு படி வேகமாக இறங்கியிருந்தால் மரத்துக்கு அடியில் இருந்திருப்பார். அழுதுவிட்டேன்.

"பிள்ள எந்த ரூம்ல இருக்கு?" என்றார்.

"அடுப்படில பெரிம்மா."

"ம்." மரத்தை வேரிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். "விழுந்துருச்சுல்ல. இனிமே இது விழாது."

கிளைகளைச் சுற்றி, ஈர மண்ணில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தார். தலையைத் துவட்டிவிட்டு, எங்கள் முன்ரூமில் பாயைப் போட்டுப் படுத்தார். அந்த அறையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததுகூட இல்லை. வாயைத் திறந்துகொண்டு விளக்கு வைக்கும் வரைக்கும் தூங்கினார். என் வீட்டுக்காரர் வந்து அவர் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பெயர்ந்த அடிமரத்தில் அடுத்த மாதமே துளிர் வந்தது. ஒடித்தோம், மறுபடியும் வந்தது. பெரியம்மா அதைச் சட்டை செய்யவில்லை. அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. கோயில் பக்கத்துக் கொன்றையிலிருந்து முருங்கைக்காய் நீளத்துக்குக் கருப்பாகத் தொங்கிய ஒரு காயை, தொங்குவதைத் தன் கண்ணால் பார்த்து, பறித்து வந்தார். உடைத்து, விதைகளைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பெயிண்ட் வாளியில் ஊன்றினார். ஒன்றே ஒன்று முளைத்தது. முதல் வெயிலில் அதற்குத் தென்னோலை மறைப்புக் கட்டினார். இலையைத் தின்ன வந்த பச்சைப் புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அது வளரவே இல்லை. "இதுதான் கொன்ன" என்றார் திருப்தியாக.

அதை எங்கே நடுவது என்று சரிவு முழுக்க நடந்து நடந்து பார்த்தார். கடைசியில் தன் வீட்டுக்குப் பின்னால், ரோட்டுப் பக்கம் மேட்டில் நட்டார்.

"அங்க வச்சா எங்களுக்குப் பூ தெரியாதே பெரிம்மா" என்றேன்.

"உச்சி தெரியும். விழுந்தா கீழதான் விழும். ஒங்க வரைக்கும் வராது. நடுவுல என் வீடு இருக்குல்ல."

"அப்ப நீங்க?"

"நான்தான் பாத்துக்கிட்டே இருப்பேன்ல?"

பார்த்துக்கொண்டேதான் இருந்தார். காற்றே இல்லாத ஒரு மாசி மாதத்தில், காய்ச்சல் என்று கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு செடிகூட இல்லாத வார்டு. அதைப் பார்த்து நான் நிம்மதிப்பட்டது ஞாபகம் இருக்கிறது. வீடு பூட்டிக் கிடந்தது. கொன்றை அதன் பாட்டுக்கு வருடக்கணக்கில் மெதுவாக வளர்ந்தது. இந்த விஷுவுக்குத்தான் முதன்முதலாகப் பூத்தது. அவர் வீட்டுத் தகரக் கூரைக்கு மேலே, சரம் சரமாக, எல்லாம் கீழே தொங்கிக்கொண்டு. என் மகள் வாசலில் நின்றே அதைப் பார்த்துவிட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை. அடுப்படியில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

போன வாரம், பெரியம்மா வீட்டை வாங்குகிறவர் இடம் பார்க்க வந்தார். கட்டப்பனைக்காரர், நல்ல மாதிரி. பெரியம்மாவின் மகள் சாவியை எங்களிடம் கொடுத்திருந்ததால் நான்தான் மேலே போய்த் திறந்துவிட்டேன். பழைய வீட்டை இடித்து நிரவி அங்கே கார் நிறுத்தப் போகிறாராம். புது வீடு பக்கவாட்டில் வருமாம். பின்னால் போய்க் கொன்றையை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "மரம் அவிடெ நிக்கட்டெ. கணிக்கொன்னயல்லே" என்றார்.

நான் மரத்தின் உச்சியைப் பார்த்தேன். பூட்டிக் கிடந்த தகர வீட்டைப் பார்த்தேன். அதற்கு நேர் கீழே எங்கள் ஓடு தெரிந்தது. நடுவில் வேறு எதுவும் இல்லை.

"வீட்ட எடுத்துட்டா, இது விழுந்தா எந்தப் பக்கம் விழும்?" என்று கேட்டேன்.

அவருக்குத் தமிழ் புரியவில்லையோ என்று நினைத்து மலையாளத்திலும் கேட்டேன். புரிந்திருக்கிறது. பெரியம்மாவை எல்லோரும் பார்த்த மாதிரி அவர் என்னைப் பார்த்தார்.

போனை எடுத்து வீட்டுக்கு அடித்தேன். மகள் எடுத்தாள்.

"எந்த ரூம்ல இருக்க?"

"முன்ரூம்லதான். ஏம்மா?"

"அடுப்படிக்குப் போயிரு."

அவள் ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா," என்றாள், "காத்தே இல்லையே."